பழைய கட்டடத்தை என்ன செய்வது: நோட்டீஸ், முட்டு, இடிப்பு, மறுகட்டுமானம்

வடகிழக்குப் பருவமழை நெருங்கினால் சென்னை, மதுரை, கும்பகோணம் என்று பழைய தெருக்கள் உள்ள ஊர்களில் எல்லாம் ஒரே செய்தி வரும்: சிதிலமடைந்த கட்டடங்களைக் கணக்கெடுக்கிறார்கள், உரிமையாளர்களுக்கு நோட்டீஸ் கொடுக்கிறார்கள். மழை வந்து போகும். பெரும்பாலான கட்டடங்கள் அப்படியே நிற்கும், நோட்டீசும் கோப்பில் அப்படியே இருக்கும். அடுத்த ஐப்பசிக்குப் புதிதாக ஒரு பட்டியல் வரும், பழைய கதவு எண்களோடு.

இதிலிருந்து வெளியே வர ஒரு மாநகராட்சிக்கோ நகராட்சிக்கோ என்னென்ன வழிகள் உண்டு, எது எந்தக் கட்டடத்துக்குப் பொருந்தும் என்று இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன். வார்டு கவுன்சிலர், ஏரியா சபை உறுப்பினர், அப்படி ஒரு வீட்டில் குடியிருப்பவர் என்று யாருக்கும் இது உதவலாம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுவர் எவ்வளவு பலவீனமாக இருக்கிறது என்பதைக் காட்டிலும், உள்ளே இருப்பவர் இன்று ராத்திரி எங்கே போய்ப் படுப்பார், வேலை முடிந்ததும் அவரால் திரும்பி வர முடியுமா என்ற கேள்விக்கு விடை இருக்கிறதா என்பதைப் பொறுத்துத்தான் எந்த வழியும் நடக்கிறது, அல்லது நின்றுபோகிறது.

சட்டத்தில் அதிகாரத்துக்குக் குறைவில்லை. 1919-ஆம் ஆண்டின் சென்னை மாநகராட்சிச் சட்டத்தின் 258-ஆம் பிரிவே போதுமானதாக இருந்தது. ஒரு கட்டடம் பாழடைந்து, தெருவில் போகிறவருக்கோ பக்கத்து வீட்டாருக்கோ ஆபத்தாக இருப்பதாக ஆணையர் கருதினால், அதைச் சுற்றி அடைக்கவோ, இடிக்கவோ, தாங்கல் கொடுத்து நிறுத்தவோ, பழுது பார்க்கவோ சொல்லி நோட்டீஸ் கொடுக்கலாம். அவசரம் என்றால் கெடு முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தானே வேலையைச் செய்துவிட்டுச் செலவை உரிமையாளரிடம் வசூலிக்கலாம். 2023 ஏப்ரலில் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், 1998 நடைமுறைக்கு வந்து பழைய சட்டங்களின் இடத்தைப் பிடித்தது. ஆபத்தான கட்டடத்தில் உள்ளாட்சி தலையிடலாம் என்ற அடிப்படை மாறவில்லை. அடைப்பது, இடிப்பது, தாங்குவது, பழுது பார்ப்பது என்று நான்கு கருவிகள் நூறு வருடமாகக் கையில் இருக்கின்றன. பழக்கத்தில் இருப்பது என்னவோ நோட்டீஸ் ஒட்டுவது மட்டும்தான்.

வழிகளைப் பார்ப்பதற்கு முன்னால் கட்டடத்தைப் பார்க்கத் தெரிய வேண்டும். எல்லாப் பழைய கட்டடத்தையும் ஒரே பட்டியலில் போடுவதுதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம்.

ஜார்ஜ் டவுன், திருவல்லிக்கேணி, மதுரையில் மாசி வீதிகளுக்கு உள்ளே இருக்கும் பழைய வீடுகளில் பெரும்பாலும் செங்கல் சுண்ணாம்புச் சுவர், மேலே மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்தரங்களை வரிசையாக வைத்து, அவற்றின் மேல் சின்னச் செங்கற்களைக் குத்துவாட்டில் மூலைவாக்காகச் சுண்ணாம்புக் கலவையில் அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு நன்றாக இடித்து, கடைசியில் தட்டோடு பதித்த கூரை அது. இதில் நோய் வருகிற இடம் கண்ணுக்குத் தெரியாது. உத்தரத்தின் முனை சுவருக்குள் புதைந்திருக்கும். மழைநீர் இறங்குவதும், ஓதம் ஏறுவதும், கறையான் பிடிப்பதும் அங்கேதான். நடுவில் கட்டை இரும்பு மாதிரி இருக்கும், முனை மட்டும் மட்கியிருக்கும். சுவரை ஒட்டி ஒரு ஸ்க்ரூடிரைவரை அழுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும்: உள்ளே இறங்கினால் அந்தக் கட்டை இனி பாரம் தாங்காது. கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்திருந்தால் இலையைக் கிள்ளிப் போட்டுப் பயனில்லை, வேர் சுவருக்குள் ஓடிக்கொண்டேதான் இருக்கும். இவ்வளவு சொன்னாலும், இந்த வகை வீட்டைக் காப்பாற்ற முடியும். கெட்ட உத்தரத்தை ஒவ்வொன்றாக மாற்றலாம், இரும்பு கர்டர் கொடுக்கலாம். தெரிந்த கொத்தனார்தான் குறைந்துகொண்டே வருகிறார்.

1970-களிலிருந்து 90-கள் வரை கட்டிய கான்கிரீட் குடியிருப்புகளின் கதை வேறு. கடற்கரை ஊரின் உப்புக்காற்றும் ஈரமும் மெல்லிய கான்கிரீட் பூச்சைத் தாண்டிக் கம்பியைத் தொட்டுவிட்டால் துரு ஆரம்பிக்கும். துருப்பிடித்த கம்பி பழைய பருமனைவிட பல மடங்கு இடம் கேட்கும், சுற்றியிருக்கும் கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே தள்ளும். சீலிங்கில் காரை பெயர்ந்து கம்பி தெரிவது இதனால்தான். சுத்தியலால் மெதுவாகத் தட்டினால் நல்ல கான்கிரீட் 'ணங்' என்று பதில் சொல்லும், உள்ளே பிளந்தது 'பொக்' என்னும். இதன்மேல் சிமென்ட் பூசி வெள்ளையடித்துவிடுவதைப் போல ஆபத்தான பழுது கிடையாது, ஏனென்றால் துரு உள்ளே தொடர்கிறது, எச்சரிக்கை மட்டும் மறைந்துபோகிறது. விரிசல் நின்றுவிட்டதா, ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க ஒரு பழைய முறை உண்டு. விரிசலின் குறுக்கே சின்னக் கண்ணாடிச் சில்லு ஒன்றை பிளாஸ்டர் வைத்து ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதிவிடுவார்கள். சில்லு உடைந்தால் கட்டடம் நகர்கிறது என்று அர்த்தம். ரீபவுண்ட் ஹாமர், அல்ட்ராசானிக், கோர் என்று பொறியாளர்கள் கருவி வைத்துச் செய்யும் சோதனைகள் எல்லாம் வேண்டும்தான். ஆனால் ஒரு வார்டு முழுக்க முதல் சல்லடை போட இந்தச் சில்லும் சுத்தியலும் போதும்.

திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 2021 டிசம்பர் 27 அன்று குடிசை மாற்று வாரியம் கட்டிய குடியிருப்பில் ஒரு பிளாக் சரிந்து 24 வீடுகள் தரைமட்டமாயின. அது 1993-ல் கட்டியது, முப்பது வயதுகூட ஆகவில்லை. விரிசலைப் பார்த்த மக்கள் பக்கத்து வீட்டாரையும் எழுப்பிக்கொண்டு வெளியே வந்ததால் ஒரு உயிர்கூடப் போகவில்லை. வயது மட்டும் அளவுகோல் ஆகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அதே நேரம் பொறையாறு பணிமனையையும் நினைக்க வேண்டும். 1943-ல் கட்டிய அந்த அரசுப் போக்குவரத்துக் கழகக் கட்டடத்தின் மேற்கூரை 2017 அக்டோபர் 20 அதிகாலையில் இடிந்து, ஓய்வறையில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 8 பேர் இறந்தார்கள். இரண்டிலும் உரிமையாளர் தனியார் இல்லை என்பதைக் கவனியுங்கள். நோட்டீஸ் அனுப்புகிற அரசே பல இடங்களில் நோட்டீஸ் வாங்க வேண்டிய வீட்டுக்காரராகவும் இருக்கிறது.

சரி, வழிகளுக்கு வருவோம்.

நோட்டீஸ் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது முதல் வழி. உள்ளாட்சிக்குச் செலவு இல்லை, விபத்து நடந்தால் கையில் ஒரு காகிதம் இருக்கும். குடியிருப்பவருக்கு இதனால் எந்தக் காப்பும் இல்லை. உரிமையாளர் வெளியூரில் இருப்பார், அல்லது பாகப்பிரிவினை வழக்கு பத்து வருடமாக நடக்கும், அல்லது அடிமனை கோயிலுடையது, கட்டடம் மட்டும் வேறொருவருடையது என்று இருக்கும். யார் பழுது பார்ப்பது என்பதே தீராத கேள்வியாக இருக்கும்போது பதினைந்து நாள் கெடு யாரையும் அசைக்காது. ஆபத்து வீட்டுக்குள் இருப்பவரோடும் முடிவதில்லை. 2021 டிசம்பரில் மதுரையில் விளக்குத்தூண் பக்கம் இரவு ரோந்தில் இருந்த தலைமைக் காவலர் ஒருவர் பழைய கட்டடம் ஒன்று இடிந்து விழுந்து இறந்தார். நோட்டீசை மற்ற வழிகளுக்கு வாசற்படியாக வைத்துக்கொள்ளலாம், அதையே ஒரு வழியாக எண்ணக் கூடாது.

முட்டுக் கொடுத்துப் பழுது பார்ப்பது இரண்டாவது. இதில்தான் காசுக்கு அதிக உயிர்க்காப்பு கிடைக்கிறது என்பது என் எண்ணம், குறிப்பாக மெட்ராஸ் டெரஸ் வீடுகளுக்கு. இரும்பு ஜாக்கியோ சவுக்குக் கம்போ வைத்து ஒரே நாளில் கூரையைத் தாங்கிவிடலாம். மழைக்காலம் முழுக்க அது நிற்கும், அதற்குள் யார் செலவு செய்வது என்று பேசிக்கொள்ளலாம். ஆள் இடம் மாற வேண்டிய கட்டாயம் குறைவு, அதனால் எதிர்ப்பும் குறைவு. ஆனால் பழுது பார்ப்பதே கட்டடத்தைச் சாய்க்கவும் கூடும். சென்னை ஆர்மேனியன் தெருவில் 2023 ஏப்ரல் 19 அன்று விழுந்த நான்கு மாடிக் கட்டடத்தில் புதுப்பிப்பு வேலைதான் நடந்துகொண்டிருந்தது. மும்பை காட்கோபரில் 2017 ஜூலையில் 17 பேரைக் கொன்ற இடிபாட்டுக்கும் தரைத்தளத்தில் நடந்த மாற்ற வேலைதான் காரணமாகச் சொல்லப்பட்டது. கடையை அகலமாக்க ஒரு தூணையோ சுவரையோ எடுப்பவருக்கு மேலே எத்தனை மாடி அதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்று தெரிவதில்லை. ஆகவே பழுதுக்கு அனுமதி கொடுப்பது மட்டும் போதாது, முட்டுக் கொடுத்த பிறகுதான் உடைக்கத் தொடங்குகிறார்களா என்று பொறியாளர் நேரில் வந்து பார்க்க வேண்டும்.

பழுதுக்குப் பணம் எங்கிருந்து வரும்? இதற்கு இந்தியாவில் பெரிய அளவில் விடை தேடிய ஊர் மும்பை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தோடு வாடகை உறைந்துபோனது. மாதம் சில பத்து ரூபாய் வாங்கும் உரிமையாளர் பழுது பார்க்கவில்லை, வீடுகள் விழ ஆரம்பித்தன. 1969-ல் சட்டம் போட்டு, 'தீவு நகரம்' எனப்படும் மும்பையின் பழைய தென்பகுதியில் இருந்த சுமார் 19,600 தனியார் வாடகைக் கட்டடங்கள்மீது பழுது வரி ஒன்று விதித்து, அந்தப் பணத்தோடு அரசுப் பணமும் சேர்த்துப் பழுது பார்க்க ஒரு வாரியம் அமைத்தார்கள். அது இன்று 'மாடா' எனப்படும் வீட்டுவசதி அமைப்பின் கீழ் இருக்கிறது. இந்த யோசனையை நான் மதிக்கிறேன்: ஆபத்து ஊர் முழுவதற்கும் பொது என்று ஒப்புக்கொண்டு ஒரு பொதுப் பணப்பையை உண்டாக்கினார்கள். குறை என்னவென்றால் வரி சிறியது, பழுதோ பெரியது. ஒரு கட்டடத்துக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பு இருப்பதால் ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு ஓடியது. காலி செய்யப்பட்டவர்கள் இடைக்கால முகாம்களுக்குப் போனார்கள், அங்கே ஒரு தலைமுறையே கழிந்த குடும்பங்கள் உண்டு. முகாமுக்குப் போனால் திரும்ப முடியாது என்று ஊருக்கே தெரிந்த பிறகு அடுத்த கட்டடத்தில் யார் வெளியேறுவார்கள்? 2017 ஆகஸ்ட் 31 அன்று பெண்டி பஜாரில் விழுந்த ஹுசைனி கட்டடம் ஏற்கெனவே ஆபத்தானது என்று அறிவிக்கப்பட்டது, மறுகட்டுமானத் திட்டத்திலும் இருந்தது. சில குடும்பங்கள் போய்விட்டன, சில குடும்பங்கள் போகவில்லை. 33 பேர் இறந்தார்கள்.

மும்பை மாநகராட்சியிடமிருந்து உடனே எடுத்துக்கொள்ளக்கூடிய ஒன்று தரம் பிரிப்பது. சி-1 என்றால் உடனே காலி செய்து இடிக்க வேண்டியது. சி-2 என்றால் பெரிய பழுது. அதிலும் ஆளைக் காலி செய்ய வேண்டியது, வேண்டாதது என்று இரண்டு உட்பிரிவு. சி-3 சின்னப் பழுது. நம் ஊர்ப் பட்டியல்களில் 'சிதிலமடைந்தது' என்ற ஒரே சொல்லில் இவை அத்தனையும் அடங்கிவிடுகின்றன, அதனால் எதற்கும் அவசரம் வருவதில்லை.

காலி செய்து இடிப்பது மூன்றாவது வழி. கம்பி முழுக்கத் துருப்பிடித்த கான்கிரீட் கட்டடத்துக்கு வேறு வழி இல்லாத நேரம் உண்டு, அப்போது தயங்கக் கூடாது. ஆனால் இடிப்பதே ஓர் ஆபத்தான வேலை. 2023 ஜனவரி 27 அன்று சென்னை அண்ணா சாலையில், ஆயிரம் விளக்கு அருகே, இடிக்கப்பட்டுக்கொண்டிருந்த கட்டடத்தின் சுவர் நடைபாதையில் விழுந்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்த இளம்பெண் ஒருவர் இறந்தார். தெருப் பக்கம் தடுப்பு, நடப்பவருக்கு மாற்றுப்பாதை, மேலிருந்து கீழாக இடிக்கும் ஒழுங்கு எல்லாம் இடிப்பு அனுமதியின் நிபந்தனைகளாக இருப்பதோடு, யாராவது வந்து பார்க்கவும் வேண்டும்.

இதைவிடச் சிக்கலானது குடியிருப்பவரின் பயம். வாடகைக்காரரைக் காலி செய்யச் சட்டப்படி பல வருடம் ஆகும் என்றால், 'ஆபத்தான கட்டடம்' என்ற ஒரு சான்றிதழ் அதை ஒரே மாதத்தில் முடித்துவிடும். அதைக் குறுக்குவழியாக நினைக்கும் உரிமையாளர்கள் இருக்கிறார்கள். ஆகவே வாடகைக்காரர் தன் பக்கத்துக்கு வேறொரு பொறியாளரைப் பிடித்து 'இன்னும் இருபது வருடம் தாங்கும்' என்று எழுதி வாங்குவார். நடுவில் மாநகராட்சி இரண்டு அறிக்கையோடு நிற்கும். மும்பையில் இந்தச் சண்டை உயர் நீதிமன்றம் போய், 2014-ல் வழிமுறைகள் வந்தன: அறிக்கைகள் முரண்பட்டால் தொழில்நுட்ப ஆலோசனைக் குழு முடிவு செய்யும், இடிப்பதற்கு முன்னால் ஒவ்வொரு வாடகைக்காரரின் வீட்டுப் பரப்பையும் அளந்து பதிவு செய்ய வேண்டும். அதே 2014-ல், மகாராஷ்டிராவிலிருந்து வந்த ஒரு வழக்கில், உள்ளாட்சி கட்டடத்தை இடித்துவிட்டதாலேயே வாடகை உரிமை அழிந்துவிடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் ஊரில் நோட்டீஸ் வாங்குகிறவர்களில் எத்தனை பேரிடம் யாராவது இதை எடுத்துச் சொல்லியிருப்பார்கள்?

சென்னை போன்ற ஊர்களில் இன்னொரு முடிச்சு போக்கியம். மாத வாடகைக்குப் பதில் மொத்தமாகச் சில லட்சம் கொடுத்துவிட்டு இருக்கும் குடும்பத்தை 'இன்றே வெளியே வா' என்றால், அந்தப் பணம் திரும்பக் கைக்கு வராமல் அவர்களால் அடுத்த வீடு பிடிக்க முடியாது. உரிமையாளரோ அதை எப்போதோ செலவழித்திருப்பார். பிடிவாதம் என்று அதிகாரிகள் சொல்வது பல வீடுகளில் இந்தப் பணம்தான்.

நான்காவது, மொத்தமாக இடித்துப் புதிதாகக் கட்டுவது. அடுக்குமாடி உரிமையாளர்களுக்கு இன்று இது முன்னைவிட எளிது. 1994-ஆம் ஆண்டின் பழைய அடுக்குமாடி உரிமைச் சட்டத்தின் காலத்தில் எல்லோரும் சம்மதிக்க வேண்டியிருந்தது, ஒருவர் மறுத்தால் அத்தனை பேரும் விரிசல் விட்ட கூரையின் கீழ் இருக்க வேண்டியதுதான். 2022-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த பிறகு மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்புக்கொண்டால் போதும். சிங்கப்பூரில் பத்து வருடத்துக்கு மேற்பட்ட கட்டடத்தை மொத்தமாக விற்க 80 சதவீதம் பேர் வேண்டும். அதோடு ஒப்பிட்டால் நம்முடையது தாராளம். நிலமதிப்பு அதிகமுள்ள அண்ணா நகர், கே.கே. நகர் போன்ற இடங்களில் பில்டரே தேடி வருவார், இடைக்கால வாடகையும் தருவார். குறுகலான தெருவில், சின்ன மனையில் இருக்கும் கட்டடத்துக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. கூடுதல் மாடிக்கு அனுமதி கிடைக்காது, பில்டருக்கு லாபம் இல்லை. வாடகைக்காரருக்கு இதில் ஓட்டும் இல்லை.

குடிசை மாற்று வாரியத்தின் (இன்று நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்) குடியிருப்புகளில் நிலமும் பணமும் அரசுடையவை என்பதால் மறுகட்டுமானம் நடக்கவே செய்கிறது. அங்கே வெளியேறும் குடும்பத்துக்குக் கொடுக்கும் இடம்பெயர்வுத் தொகை 8,000 ரூபாயிலிருந்து 24,000 ரூபாயாக உயர்ந்தது. நல்ல உயர்வுதான். ஆனால் கட்டி முடிக்க இரண்டு வருடம் என்று வைத்தால்கூட மாதத்துக்கு 1,000 ரூபாய் ஆகிறது. அந்தக் காசுக்குச் சென்னையில் ஓர் அறை கிடையாது. தொலைவில் வீடு எடுத்தால் பிள்ளையின் பள்ளியும், வீட்டு வேலைக்குப் போகும் அம்மாவின் நான்கைந்து வீடுகளும் போய்விடும். மறுகட்டுமானச் செலவில் இடைக்கால வாடகை சின்னப் பகுதிதான், அதில் போய்க் கஞ்சத்தனம் செய்து மொத்தத் திட்டத்தையும் சந்தேகத்துக்கு உள்ளாக்குகிறோம்.

ஐந்தாவது வழி இவற்றுக்கெல்லாம் முந்தியது: கெடுவதற்கு முன்னால், குறித்த காலத்துக்கு ஒருமுறை பரிசோதிப்பது. 1986 மார்ச் 15 அன்று ஹோட்டல் நியூ வேர்ல்டு இடிந்து 33 பேர் இறந்த பிறகு சிங்கப்பூர் இதைச் சட்டமாக்கியது. குடியிருப்புகளுக்குப் பத்து வருடத்துக்கு ஒருமுறை, மற்றவற்றுக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. ஹாங்காங்கில் 2010 ஜனவரியில் மா டவ் வாய் சாலைக் கட்டடம் விழுந்து 4 பேர் இறந்தார்கள். 2012 முதல் முப்பது வயதான கட்டடங்களுக்குக் கட்டாய ஆய்வு வந்தது. இங்கேயும் பள்ளிக்கூடத்துக்கும் கல்யாண மண்டபத்துக்கும் கட்டட உறுதிச் சான்று கேட்கிறோம். ராத்திரி எல்லோரும் தூங்குகிற வீட்டுக்குக் கேட்பதில்லை. அந்தச் சான்றுகூடக் காகிதமாகத் தேய்ந்துபோகலாம். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் இறந்ததும் மாநிலம் முழுக்கப் பள்ளிக் கட்டடங்களை அவசரமாக ஆய்வு செய்து இடிக்க வேண்டியிருந்தது. இருந்தாலும் நீண்ட காலத்துக்கு மலிவான வழி இதுதான். இந்த வருட மழைக்கு இது உதவாது என்பதால்தான் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது.

ஒரு நகராட்சி மன்றத்தில் இது முடிவுக்கு வந்தால் நான் இப்படிக் கேட்பேன். பட்டியலைத் தரம் பிரித்துப் போடுங்கள். செங்கல் சுண்ணாம்பு வீடுகளுக்கு இந்த மழைக்கே உள்ளாட்சிப் பணத்தில் முட்டுக் கொடுத்துவிட்டு, செலவைச் சொத்துவரிக் கணக்கில் ஏற்றுங்கள். உரிமையாளர் விற்கும்போதாவது அது வந்து சேரும். கம்பி போன கான்கிரீட் கட்டடங்களைக் காலி செய்யுங்கள், ஆனால் அதே வார்டில் அல்லது பக்கத்து வார்டில் சில வீடுகளை இடைக்காலத்துக்கென்றே கைவசம் வைத்துக்கொண்டு செய்யுங்கள். சமுதாயக் கூடத்தில் மூன்று நாள் இருக்கலாம், மூன்று மாதம் இருக்க முடியாது. நகராட்சியே உரிமையாளராக உள்ள கடைகள், பள்ளிகள், பணியாளர் குடியிருப்புகளை அந்தப் பட்டியலின் தலையில் போடுங்கள். தன் வீட்டைச் சரிசெய்யாமல் அடுத்தவருக்கு நோட்டீஸ் ஒட்டினால் யார் மதிப்பார்கள்?

காலி செய்யும் அன்றைக்கு ஒவ்வொரு குடும்பத்தின் கையிலும் ஒரு காகிதம் இருக்க வேண்டும். குடியிருப்பவர் பெயர், எந்த மாடி, எத்தனை சதுர அடி, வாடகையா போக்கியமா, எவ்வளவு தொகை, எந்த நாளிலிருந்து, மின் இணைப்பு எண், வீட்டின் உள்புறப் புகைப்படங்கள், உதவிப் பொறியாளரின் கையெழுத்தும் முத்திரையும். இதன் ஒரு நகல் மண்டல அலுவலகத்திலும் ஒன்று உரிமையாளரிடமும் இருக்கட்டும். இடித்த மனையில் புதிதாகக் கட்ட வரைபட அனுமதி கேட்டு வரும்போது, அந்த நகலில் இருக்கும் பெயர்களுக்கு என்ன ஏற்பாடு என்று கேட்காமல் கோப்பை நகர்த்தக் கூடாது. இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை, மன்றத் தீர்மானம் ஒன்றும், அளவெடுக்க டேப்போடு போகும் இரண்டு ஆட்களும் போதும்.